பிரேக் லீவர் பற்றிய பக்கம்

மின் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்கும் சின்னக் கடை அவளுடையது. தம்பிக்கு அந்த நாற்காலிதான் கால். அவனுக்காகக் கற்ற தொழில். தெரிந்ததையெல்லாம் படம் வரைந்து இணையத்தில் ஒரு விக்கியில் போட்டு, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிட்டாள். முகம் தெரியாதவர்கள் வந்து எழுதினார்கள். பாதிப் பக்கங்கள் ‘ஸ்பேனர்’ என்ற பெயரில் எழுதியவருடையவை. தேர்ந்த கை.

ஒருநாள் யாரோ போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்தார்கள்: சார்ஜ் போடும்போது பிரேக் லீவரைத் தளர்த்தி வைத்தால் மோட்டார் நீடித்து உழைக்கும். எவர் கண்ணிலும் படவில்லை. அதை நம்பிய ஒரு பெண்மணியின் நாற்காலி சரிவில் உருண்டு, அவர் இடுப்பு முறிந்தது. தொலைபேசியில் பேசிய மகள் திட்டக்கூட இல்லை. “நீங்க பாக்க மாட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றே அந்த வரியை அழித்தாள். இனித் தான் பார்க்காமல் ஓர் எழுத்தும் வெளியே போகாது என்று பூட்டும் போட்டாள்.

“எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தாதக்கா,” என்றான் தம்பி. “ஸ்பேனர் மாதிரி நாலு பேர்கிட்டயாவது சாவியக் குடு.”

“நாளைக்கு ஒண்ணுன்னா யாருடா பதில் சொல்றது? அந்தப் பொண்ணு என்னத்தான கேட்டா?”

ஒவ்வொரு திருத்தத்தையும் கழற்றி மாட்டிப் பார்த்துத்தான் அனுமதித்தாள். வந்தவை மலையாய்க் குவிந்தன. காத்துச் சலித்த ஸ்பேனர் எழுதினார்: “என்னையே நம்பலன்னா நான் எதுக்கும்மா எழுதணும்?” பதில் எழுத உட்கார்ந்தபோது வாடிக்கையாளர் வந்துவிட்டார். அப்புறம் அது விட்டுப்போயிற்று.

குவியல் கரைந்தது. வேலை முடிகிறது என்று நினைத்தாள். எழுத ஆட்கள் வருவதே நின்றிருந்தது.

பிறகொருநாள் ஒருவர் தன் அப்பாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். லீவர் தளர்ந்து கிடந்தது.

“இப்படி வைக்கச் சொன்னது யாருங்க?”

அவர் போனை நீட்டினார். அவள் வரைந்த படங்கள், அவள் எழுதிய பக்கம், நடுவில் அந்த வரி. அவள் அந்த வரியை அழிப்பதற்கு முன்பே யாரோ மொத்தத்தையும் வேறொரு தளத்துக்கு நகலெடுத்திருந்தார்கள். எழுதுகிறவர்களெல்லாம் இப்போது அங்கேதான்.

அங்கே போய் அழித்தாள். ‘ஆதாரமில்லாமல் அழிக்காதீர்கள்’ என்ற குறிப்போடு வரி திரும்பி வந்தது. மறுபடி அழித்தாள். அவளைத் தடை செய்துவிட்டார்கள்.

தன் விக்கியின் பூட்டைக் கழற்றினாள். ஸ்பேனரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

“ஒரு வாய் சாப்பிடுக்கா,” என்றான் தம்பி. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் லீவரைத் தொட்டுக் காட்டிச் சொல்கிறாள். கடைக்கு வராதவர்கள்தான் அதிகம்.