முன் சீட்டிலிருந்து தெரிந்த கால்

1

“…காலு சரியில்லயாம் மேடம். வண்டி நல்லாத்தான் இருக்குதாம். என் காலுதான் சரியில்லயாம்.”

“யாரு சொன்னது?”

“பத்ரிநாத் சார்தான். என்கிட்ட சொன்னதோட விட்டாரா, எல்லாருக்கும் மெயில் போட்டுட்டாரு. சாவியையும் வாங்கிகினாரு.”

இந்தக் கதை இந்தத் தொலைபேசிப் பேச்சில் பிறந்தது. இதைவிட அழகான பிறப்பு ஒன்றை இதற்குக் கொடுக்க எனக்கு ஆசைதான். மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்து வளர்ந்தவள் நான். அவற்றில் கதைகள் பனி மூடிய ரயில் நிலையங்களில் பிறக்கும். என்னுடையது ஆக்ஸிலரேட்டரில் பிறந்திருக்கிறது.

பேசியவர் அல்போன்சா. எங்கள் அலுவலக கேப் ஓட்டுபவர். மல்லேஸ்வரத்தில் என்னை ஏற்றி நாகவாராவில் இறக்குவார். பத்ரிநாத் அந்த கார்களை அலுவலகத்துக்கு வாடகைக்கு விடும் ஒப்பந்தக்காரர். நான் தாரணி. பின் சீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவள்.

கோபமாக இருக்கும்போது எழுதாதே என்பார்கள். கோபம் ஆறிவிட்டால் எழுதவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம்:

“பனிக்குள் அந்த வண்டி ஒரு கிழட்டுக் குதிரையைப் போலத் தயங்கி —”

[அடித்துவிட்டேன். நாங்கள் தினமும் போகும் ஹெப்பாள் ரோட்டில் குதிரை எங்கிருந்து வரும்?]

இரண்டாவது தொடக்கம்:

“ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஒரு சிறிய மௌனம் குடியிருக்கிறது. நாம் மிதிப்பதற்கும் அது கேட்பதற்கும் நடுவே —”

இது எனக்குப் பிடித்திருந்தது. அல்போன்சாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாருக்கு. வண்டி எங்க?”

“அந்த மௌனம்தான் அக்கா வண்டி.”

“மௌனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிக்கப் இல்ல. அப்படியே எழுதுங்க.”

பிக்கப் இல்லை.*

(* எங்கள் கேப் வாழ்க்கையில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. ஆளை வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்வதும் பிக்கப், மிதித்த உடனே வண்டி கிளம்புவதும் பிக்கப். பத்ரிநாத் முதலாவதற்கு மட்டும் கணக்குக் கேட்பார்.)

3

நடந்ததை நேராகச் சொல்கிறேன்.

மழை தொடங்கியதிலிருந்தே வண்டி மந்தமாக இருக்கிறது என்று அல்போன்சா சொல்லிக்கொண்டிருந்தார். பத்ரிநாத்திடம் சொன்னார், அவருடைய மேனேஜரிடம் சொன்னார், கடைசியில் எங்களிடமும் சொன்னார். நாங்கள் “ஓ” என்றோம். ஒருநாள் காலை மேக்ரி சர்க்கிள் சிக்னலில் பச்சை விழுந்தது. அல்போன்சா மிதித்தார். என்ஜின் முனகியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் வந்த வேன் எங்கள் பம்பரில் முட்டியது. யாருக்கும் அடியில்லை. என் புத்தகம்கூட மடியில்தான் இருந்தது.

பத்ரிநாத்தின் தீர்ப்பு அன்று மதியமே வந்துவிட்டது. அந்த டிரைவர் அம்மாவுக்கு மிதிக்கத் தெரியவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை அல்போன்சா வண்டியை சிவாஜிநகருக்கு, சீனு என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நான் அங்கே இல்லை. அவர் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

நாம் மிதிக்கும்போது என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தகடு திறக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கறுப்பு சென்சார் இருக்கிறது. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காரின் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. எங்கள் வண்டியில் அது இடம் பிசகியிருந்தது. தகடு திறந்துவிட்ட பிறகும் “இன்னும் மூடித்தான் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தது. கணினி அதை நம்பி பெட்ரோலைக் குறைத்தே கொடுத்தது.

[நான் இங்கே உருவகம் எதுவும் செய்யவில்லை. அலுவலகங்களில் அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.]

சீனு இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினார். மீட்டரை மாட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே சென்சாரை மயிரிழை அளவு திருப்பினார். எண் சரியான இடத்துக்கு வந்ததும் இறுக்கினார். முடிந்தது. தொடலாமா என்று அல்போன்சாவுக்குப் பயம்தான். சீனு சிரித்தாராம்.

“திருப்பறதுக்குன்னுதானே கம்பெனிக்காரனே ஸ்க்ரூ ஓட்டைய நீளமா வெச்சிருக்கான்? வேணாம்னா ரவுண்டா போட்டிருப்பான்ல?”

திங்கட்கிழமை மேக்ரியில் பச்சை விழுந்ததும் வண்டி பாய்ந்தது. என் புத்தகம் மடியிலிருந்து நழுவி, படித்துக்கொண்டிருந்த பக்கம் தவறிப்போனது. அந்தப் பக்கத்தை நான் திரும்பத் தேடவில்லை.

5

பத்ரிநாத் பானெட்டைத் திறந்து பார்த்தார். யாராவது திருகினால் தெரிவதற்காகத் திருகாணித் தலைகளில் போட்டிருந்த மஞ்சள் பெயிண்ட் பொட்டு விரிசல் விட்டிருந்தது. உடனே எங்கள் அலுவலகத்துக்கு மெயில். அவரைப் போலவே கார் வாடகைக்கு விடும் வேறு நான்கு ஒப்பந்தக்காரர்களுக்கு நகல்.

“வண்டியில் எந்தப் பழுதும் இருந்ததில்லை, ஓட்டுநரின் கால்தான் சரியில்லை. மேலும், ஓட்டுநர் அனுமதியின்றி சென்சாரைத் திருப்பி வண்டியின் ஓட்டத்தை மாற்றியிருக்கிறார்.”

தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். பழுதே இல்லாத வண்டியில் எதை மாற்றினார்? கால்தான் குறை என்றால் சென்சாரைத் திருப்பியதும் வண்டி ஏன் ஓடியது? ஸ்க்ரூடிரைவரால் கால் குணமாகுமா? இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைப் படித்த ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நல்ல நாவலாசிரியர் என்றால் பத்ரிநாத்துக்கும் ஒரு மனம் கொடுப்பார். நானும் முயன்றேன். “பத்ரிநாத்துக்கு மூட்டு வலி இருந்தது. மாடிப்படி ஏறும்போது அவர் தன் தந்தையை —” எழுத எழுத எனக்கே அவர்மேல் இரக்கம் வரத் தொடங்கியது. அழித்துவிட்டேன். இரக்கப்பட இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அவரிடம் சாவி இல்லை.

6

முடிவுகள்.

அ) அல்போன்சா பத்ரிநாத்தின் மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு — [சினிமா.]

ஆ) பத்ரிநாத்தே ஒருநாள் அந்த வண்டியை மேக்ரி வழியாக ஓட்டுகிறார். பச்சை விழுகிறது. மிதிக்கிறார். பின்னால் வேன் வருகிறது.

இதை ஒரு பக்கம் ஆசையாக எழுதினேன். பிறகுதான் உறைத்தது. வண்டி இப்போது சரியாகிவிட்டது. அவர் மிதித்தால் பாயும். “பாருங்க, நல்லாத்தானே ஓடுது” என்பார். யார் ஓட்டிப் பார்த்தாலும் அதையேதான் சொல்வார்கள். அல்போன்சா தன்னிடமிருந்த ஒரே ஆதாரத்தை ரிப்பேர் செய்துவிட்டார்.

இ) சென்சாரை மறுபடி பழைய இடத்துக்கே திருப்பி வைத்து, எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டுவது. இதைக் கதைக்காக யோசிக்கவில்லை, நிஜமாகவே அவரிடம் சொன்னேன். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஜனங்கள ஏத்திகினு போற வண்டி அது. நான் ஜெயிக்கணும்னு அத கெடுக்கணுமா? நல்லா படிச்சே போ.”

வெள்ளிக்கிழமை அந்தச் சாவி வேறொரு ஓட்டுநருக்குப் போகிறது. வேறு வண்டியும் அல்போன்சாவுக்குக் கிடைக்காது. நான்கு ஒப்பந்தக்காரர்களிடமும் அவர் இப்போது ‘கால் சரியில்லாத டிரைவர்’.

7

எங்கள் அலுவலகத்தில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் வெங்கியிடம் நான் எழுதிக் கொடுத்தேன். என்ஜின் முனகியது, வண்டி நகரவில்லை, அதற்கு முன்பும் பலமுறை அப்படி நடந்திருக்கிறது என்று. வெங்கி படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க பேக் சீட்ல இருந்தீங்க. அவங்க மிதிச்சதைப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. பின் சீட்டிலிருந்து கால் தெரியாது. நியாயமான கேள்வி. அது நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இத்தனை நேரம் நான் உங்களை ‘வாசகரே’ என்று கூப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது. அன்று முன் சீட்டில் ஒருவர் இருந்தார். சதாசிவநகரில் ஏறினார். ஷிப்ட் மாற்றிக்கொண்டு அந்த ஒருநாள் மட்டும் எங்கள் வண்டியில் வந்தவர். காதில் இயர்போன். பெயர் கேட்டால் வெங்கி தர மறுக்கிறார், விதி இடம் தரவில்லையாம். அதனால்தான் இது புகாராக இல்லாமல் கதையாக இருக்கிறது. புகாரை வெங்கி மட்டும் படிப்பார். கதை எப்படியாவது கைமாறி உங்களிடம் வந்து சேரலாம்.

பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன். அல்போன்சா உங்கள் பக்கம் திரும்பி, “சார், பாருங்க சார், முழுசா மிதிச்சிருக்கேன்” என்றார். நீங்கள் ஒரு இயர்போனைக் கழற்றினீர்கள். குனிந்து கீழே பார்த்தீர்கள். அதற்குப் பிறகுதான் வேன் முட்டியது.

எத்தனையோ முடிவுகளை எழுதிப் பார்த்தேன். எதிலும் அந்தக் கால் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைக்குள், நீங்கள் பார்த்ததை மட்டும், ஒரே ஒரு வரி எழுதித் தருவீர்களா?