தான் கலக்கிய காற்று

சேர்வராயன் கோயில் குன்றை முன்கண்ணாடிக்கு நேராக வைத்துக்கொண்டு தனலட்சுமி விமானத்தை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்தாள். உடம்பு கனத்தது. இப்படிச் சாயும்போது விமானத்தின் மூக்கு தாழப் பார்க்கும். கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து, எஞ்சினுக்குக் கொஞ்சம் வேகம் கொடுத்து மூக்கைத் தாழவிடாமல் பிடித்தாள். ஏற்காட்டு ஏரியும் காபித் தோட்டங்களும் இறக்கை நுனிக்குக் கீழே சுழன்றன. உயரம் காட்டும் முள் அசையவில்லை. வட்டம் முடிந்து குன்று மறுபடி எதிரே வந்தபோது விமானம் தடக்கென்று குலுங்கியது.

“விடு, விடு.” பக்கத்திலிருந்த பயிற்சியாளர் பாக்கியநாதன் தன் பக்கக் கைப்பிடியைப் பற்றினார். “பயந்துட்டம்மா நீ. கை நடுங்குது.”

“நடுங்கலீங்க சார். நாம கலக்கி உட்ட காத்துலயே திரும்ப வந்து மோதியிருக்கமுங்க. உயரம் மாறாம சுத்துனா அப்படி மோதும்னு நீங்கதானுங்க கிளாஸ்ல சொன்னீங்க.”

“சொன்னேன். அதுக்காவ எல்லாக் குலுக்கலும் அதாயிருமா? லைசென்ஸ் டெஸ்டுக்கு இந்தத் தடவ சேகர் போவட்டும். உன்னைய அடுத்த தடவ பாக்கலாம்.”

அடுத்த தடவை. போன டெஸ்டின்போதும் இதையேதான் சொன்னார். போன வாரம் கூடப் பயிலும் சேகர் இதே வட்டம் போட்டபோது அவள் பின்சீட்டில் இருந்தாள். முள் சரசரவென்று இறங்கியது. தன் காற்றைவிட்டு எங்கோ கீழே போய்விட்டவனுக்குக் குலுக்கல் எப்படி வரும்? அதற்குத்தான் இவர், “வெண்ணெயாட்டம் திருப்பறான்” என்று அவன் முதுகில் தட்டினார். தனலட்சுமிக்குக் காது மடல் சுட்டது. அழுகை வரவில்லை. அது வராதது அவளுக்கே பிடித்திருந்தது.

“வலப்பக்கம் இன்னும் பாக்கியிருக்குதுங்க சார். திருப்பறேன். முள்ள மட்டும் பாருங்க.”

அவர் கையை எடுத்தாரே தவிர முள்ளைப் பார்க்கவில்லை; கீழே செம்மநத்தம் பக்கத்து வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திருப்பினாள். முள் நின்ற இடத்திலேயே நின்றது. வட்டம் முடியும் இடத்தில் குலுக்கல் வந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவியது. அதை மேலே தள்ளிக்கொண்டு, “இறக்கு” என்றார்.

தரையிறங்கியதும் அவர் திரும்பிப் பார்க்காமல் ஆபீசுக்கு நடந்தார். தனலட்சுமி பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினாள்.

“ஏனுங்க சார், நாளைக்கு சேகரையும் என்னையும் மேல கூட்டிட்டுப் போங்க. முள்ளப் பாத்துட்டுச் சொல்லுங்க, யாரு போவோணும்னு.”

“உக்காரும்மா. பேசலாம்.”

“நான் நிக்கறனுங்க.”

அவர் எதையோ தேடுவதுபோல் மேசை இழுப்பறையைத் திறந்தார். அவள் மேசைமேல் ஊன்றிய கையை எடுக்கவில்லை. மேசைமேல் போட்டிருந்த கண்ணாடியில் அந்தக் கையைச் சுற்றி வியர்வை ஆவியாகப் படர்ந்துகொண்டிருந்தது.