மேட்டுக்கு அந்தப்பக்கம் கேட்ட வெடி

பேச்சு முடியும்வரை போலந்துக்காரன் கயேதான் உக்ரைனியர்களிடம் பணயம். மேட்டுக்கு அந்தப்பக்கம் லிபினி கிராமத்தில் ஓர் உக்ரைனியன் போலந்துக்காரர்களிடம் பணயம். இரண்டு காட்டுப்படைகளின் தளபதிகளும் லிபினியை ஒட்டிய வனக்காவலர் வீட்டில் விடியலிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருடமாக ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்தியது போதும், இனி சேர்ந்து, ரஷ்யர்கள் கொண்டுவந்த புது அரசாங்கத்தின் போலீஸை அடிப்போம் என்பது பேச்சு. நடுவில் குண்டுச் சத்தம் கேட்டால் அவரவர் தங்களிடமுள்ள பணயத்தைச் சுட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதை மட்டும் இரு தரப்பும் உடனே ஒப்புக்கொண்டன.

மேட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு குடிசையில் கயேதானுக்குக் காவல் செம்கோ. இருபது வயதிருக்கும். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பீட்ரூட் சூப்பை நகர்த்தினான்.

"குடி."

"நீ மொதல்ல குடி."

"வெஷம் வெச்சா கொல்லப்போறேன்? அப்ப இது எதுக்கு?" துப்பாக்கியைத் தட்டினான். ஆனாலும் ஒரு கரண்டி குடித்துக் காட்டினான். "அங்க எங்க அண்ணனுக்கு என்னத்தக் குடுக்கறாங்களோ."

"அங்க இருக்கறது உங்க அண்ணனா?"

"தெரியாத மாதிரி கேக்கறியே."

கயேதானுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்தபின் சூப்பைத் தள்ளி வைத்தான்.

வெயில் ஜன்னலுக்கு வந்தபோது மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு வெடி. பிறகு இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல்.

செம்கோ எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. "கொன்னுட்டீங்கடா." துப்பாக்கி கயேதானின் நெஞ்சுக்கு வந்தது.

அப்போது மாதா கோயில் மணி அடித்தது.

கயேதான் நாள் பார்ப்பதை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. போன ஈஸ்டருக்கு முந்தின நாள், ஈஸ்டர் முட்டைக் கூடையைக் கோயிலில் மந்திரிக்க எடுத்துப்போன வழியில் அவன் மனைவி யாக்னாவைச் சுட்டுவிட்டார்கள். செம்கோவின் ஆட்களாக இருக்கலாம். அவன் விசாரிக்கவில்லை. மணி கேட்டதும்தான் இன்று என்ன நாள் என்று உறைத்தது.

"தம்பி, பொறு. இன்னிக்கு எங்களுக்கு ஈஸ்டர். காலையில பூசைக்குப் பசங்க பால் கேன்ல கார்பைடு கல்லப் போட்டு, பட்டாசு மாதிரி வெடிக்கறாங்க."

"ஈஸ்டருக்கு இன்னும் அஞ்சு வாரம் கெடக்கு."

"உங்களுக்கு. உங்க காலண்டர் வேற. நாள் குறிச்சது உங்க தளபதிதானே?"

"குறிச்சப்ப உங்க ஆளு ஏன் வாயத் தொறக்கல?"

கயேதானுக்கே சந்தேகம் வந்தது. வெடியோடு வெடியாக நிஜக் குண்டு வெடித்தால் யாருக்குத் தெரியும்? பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனாகப் பார்த்துத்தான் தளபதி தன்னை அனுப்பினாரோ?

"மேட்டுல ஏறிப் பாரு. சண்டைன்னா பொகை தெரியும்."

"மேல எத்தன பேர ஒளிச்சு வெச்சிருக்க?"

"அப்ப இங்கயே சுடு. ஒருவேள உங்க அண்ணன் உசுரோட இருந்தா, இந்தச் சத்தம் அவங்களுக்கும் கேக்கும்."

செம்கோவின் விரல் நின்றது.

"முன்னால நட. பாதையில வேணாம். முள்ளு வழியா."

கயேதான் நடந்தான். மேட்டில் வைத்துச் சுட்டால் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்குமே, இவன் அதை யோசித்திருப்பானா என்று எண்ணிக்கொண்டே ஏறினான். உச்சிக்கு வந்ததும் செம்கோ அவனை மண்டியிட வைத்தான்.

கீழே புகை இல்லை. கொடிகளோடு ஊர்வலம் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. களஞ்சியத்தின் பின்னால் பையன்கள் பால் கேன்களோடு குனிந்திருந்தார்கள். வேலியோரம், காவலர்கள் இருவருக்கு நடுவே ஆட்டுத்தோல் குல்லாய் போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வெடிக்கும் அவன் தோள் துள்ளியது.

"அண்ணன்தான்," என்றான் செம்கோ. துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. "குல்லாய வேற எவனுக்காவது மாட்டி உக்கார வெச்சிருந்தாலும் வெச்சிருப்பீங்க."

மத்தியானம் தளபதிகள் இருவரும் ஒன்றாகக் குடிசைக்கு வந்தார்கள். கூடவே அந்த அண்ணனும் வந்தான். செம்கோ அவன் குல்லாயைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்தான்.

பேச்சு கூடிவிட்டது. வியாழக்கிழமை ரயில் பாலத்தை வேவு பார்க்கப் தரப்புக்கு ஓர் ஆள் போக வேண்டும்.

"நீங்க ரெண்டு பேருமே போங்கப்பா. காலையிலருந்து பழகிட்டீங்களே," என்றார் கயேதானின் தளபதி.

"யாரு முன்னால நடக்கறது?" என்று செம்கோ கேட்டான்.

தளபதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயேதான் சிரிக்கவில்லை. அவனும் பதிலுக்காகக் காத்திருந்தான்.