ஜெயந்தினி உடைத்த முட்டைகள்

வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான பத்தாம் நம்பர் லயத்தில், ஜெயந்தினி உடைத்த முட்டைகளில் மஞ்சள் கரு இல்லாமல் போயிற்று. இரண்டாயிரத்து இருபத்து மூன்றில், தைப்பொங்கலுக்கு மறுநாள் அது தொடங்கியது. அதே கோழி இட்ட அடுத்த முட்டையைத் தங்கை தனுஷிகா உடைத்தால் இரண்டு கரு விழும், சில நாள் மூன்றும் விழும். லயத்தார் இரண்டு நாள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டதால் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஜெயந்தினி சமைக்கக் கற்றது வீட்டில், கையைச் சுட்டுக்கொண்டு. அம்மா விடியுமுன்னே ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்க வேண்டும் என்பதால் பதினொரு வயதில் அடுப்படிக்கு வந்தாள். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தையும் விட்டாள். பத்து வருடம் ரொட்டி தட்டினாள், சம்பல் இடித்தாள். சோறு வெந்திருந்தால் வீட்டார் பேசாமல் சாப்பிட்டார்கள், வேகாவிட்டால் மட்டும் வாய் திறந்தார்கள். நல்லா இருக்கு என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். தனுஷிகா கற்றதோ பள்ளிக்கூடத்து மனையியல் பாடத்தில், அளவுக் கோப்பையும் குறிப்பெழுதும் கொப்பியும் வைத்துக்கொண்டு. அந்தப் பொங்கலுக்கு மறுநாள் அவள் முதன்முதலாக ஒரு ஒம்லட் போட்டாள். அப்பா சோலைமலை தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "கைப்பக்குவம்னா இதுதாம்மா, நல்லா இருக்கு" என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது அக்கா தங்கைக்கும் பொருந்தும் போலிருக்கிறது. ஜெயந்தினிக்கு அடிவயிறு எரிந்தது. அன்று மாலையே முதல் கருவைக் காணோம்.

வீட்டில் இருந்த ஐந்து கோழிகளும் ஜெயந்தினி வளர்த்தவை. கோழி அடுத்தவர் கீரைப் பாத்தியைக் கிளறினால் சண்டை வரும் என்று உரச்சாக்கின் நைலோன் நூலால் காலைக் கட்டி வைப்பது அந்த லயத்து வழக்கம். தனுஷிகா அதற்கும் கொப்பியைத் திறந்தாள்.

"கால கட்டக் கூடாதாம்க்கா. அதுக்கு மண்ணுல பொரளணும், கிளறணும். டீச்சர் சொன்னாங்க."

"ஒங்க டீச்சரு வந்து பாத்திக்குக் காவல் இருப்பாங்களா?" என்று கேட்டு ஜெயந்தினி முடிச்சை இன்னும் இறுக்கினாள். கோழிக்காகத் தங்கை பேசியதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

வைகாசியில் பள்ளிக்கூடத்தில் உணவுக் கண்காட்சி வைத்தார்கள். கேக் செய்வதாகவும் முட்டை வீட்டிலிருந்து கொண்டுவருவதாகவும் தனுஷிகா பேர் கொடுத்தாள். ஜெயந்தினி ஐந்து கோழிகளையும் ஒரே கொழுந்துக் கூடைக்குள் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்தாள். நரித் தொல்லை என்று வீட்டில் சொன்னாள். நெருக்கடியில் கோழி முட்டையிடாது என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாள் ஒரு முட்டைகூட இல்லை. மண்சரிவால் பாதை அடைபட்டு, தோட்டத்தின் ஒரே கடையான அன்ஸார் நானா கடைக்கும் முட்டை ஏற்றிவரும் வான் வரவில்லை. தனுஷிகா அழுதுகொண்டே வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போனாள்.

ஜெயந்தினிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் வைக்கக் கூடையைத் தூக்கியபோது கறுப்புப் பெட்டையின் கால் தெரிந்தது. நூல் தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. மற்றவை நெருக்கத்தில் அதன் முதுகைக் கொத்திப் பிய்த்திருந்தன. அது கத்தக்கூட இல்லை.

"என் வயித்தெரிச்சலுக்கு நீ என்னடி செஞ்ச?" என்று அவள் அழுதாள். நூலை வெட்டி, புண்ணில் மஞ்சளை அப்பி, ஐந்தையும் அவிழ்த்துவிட்டாள். அவை நேரே பாத்திக்குப் போய் மண்ணில் புரண்டன. பிறகு வரிசையாகத் திரும்பி வந்து, மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துப் பதினைந்து முட்டை இட்டன. அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

முட்டைகளோடு அவள் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மனையியல் சொல்லித்தரும் ஷாமிலா டீச்சர் அவள் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, "தங்கச்சி மாச் சலிக்கட்டும், நீங்களே ஒடைங்க" என்றார். இத்தனை பேர் முன்னால் மானம் போகப்போகிறதே என்று நினைத்தபடியே ஜெயந்தினி ஆறு முட்டை உடைத்தாள். ஆறிலும் வெள்ளைதான்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "பதினாறு வருசமா வெள்ளக்கருவப் பிரிக்கச் சொல்லிக் குடுக்குறேன். ஒரு பொட்டு மஞ்சள் பட்டாலும் நுரை எழும்பாது. எப்படிங்க இது?"

"சும்மா ஒடைச்சேன் டீச்சர்."

தனுஷிகா மூன்று முட்டை உடைத்தாள், ஒன்பது கரு விழுந்தது. கணக்குச் சரியாக இருந்தது. கேக் அடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. வந்திருந்த அதிகாரிகள் தின்றுவிட்டு, பஞ்சு மாதிரி இருக்கிறதே, யார் கை என்று கேட்டார்கள். டீச்சர் ஜெயந்தினியைக் காட்டினார்.

வீட்டுக்கு ஏறும் மேட்டில் தனுஷிகா முன்னால் விடுவிடென்று நடந்தாள். கடைசியில், "கேக் செஞ்சது நானு. எல்லாரும் ஒன்னயத்தான் பாத்தாங்க" என்றாள். அந்தக் குரலை ஜெயந்தினிக்கு நன்றாகத் தெரியும், பத்து வருடம் அவள் தொண்டைக்குள் கிடந்த குரல் அது. பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக இனித்தது. மேடு முடியும்வரை அந்த இனிப்பை வைத்திருந்து, பிறகுதான், "நல்லா இருந்துச்சுடி" என்றாள்.

கோழிகளை அதன்பிறகு அவள் கட்டவில்லை. பாத்திகளுக்கு வேலி போட்டாள். கரு மட்டும் அவள் கைக்குத் திரும்பவில்லை. லயத்தார் இப்போது தங்கள் முட்டைகளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள், வெள்ளை வேண்டியவர்கள் மூத்தவளிடம், மஞ்சள் வேண்டியவர்கள் இளையவளிடம். யாரிடம் அதிகம் பேர் வருகிறார்கள் என்று இரண்டு பேரும் கடைக்கண்ணால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.