இருட்டில் தெரிந்த கூரை

என் மனைவியின் தம்பி அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே சரக்கு அனுப்பும் பொறுப்பு எனக்கு. பெட்டி ஒட்டும் மேசைக்கு என் மனைவி தலைவி. அதனால் வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும் மறுநாள் அது பட்டறையிலும் தொடரும். பட்டறைக் கூரையில் சோலார் பேனல் போடுவது என்று மைத்துனன் முடிவு செய்ததும், அந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு அப்படித்தான் இரண்டு இடங்களிலும் ஓடியது.

என் மருமகள் சோலார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அதுவரை இன்னொருவர் கையின் கீழ் வேலை செய்துவந்தவளுக்கு அந்த மாதம்தான் தனியாக ஒரு குழுவைக் கொடுத்திருந்தார்கள். அவள் பொறுப்பேற்கும் முதல் கூரை நம் கூரையாக இருக்கட்டும் என்று மைத்துனனிடம் சொன்னது நான்.

"சொந்தக்காரங்ககிட்ட வேலை குடுத்தா வாய் விட்டுத் திட்டக்கூட முடியாதே அத்தான்" என்றான்.

"நீ யாரைடா இதுவரைக்கும் திட்டாம விட்டிருக்க?" என்றாள் என் மனைவி. தம்பியை அவள் அடக்குவது அப்படித்தான். ஆனால் மருமகளின் வேலையில் அவளுக்கும் பெரிய விருப்பம் இல்லை. யாராவது கேட்டால், "கரண்ட் சம்பந்தப்பட்ட கம்பெனி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். ஏணி, கயிறு, கூரை எதுவும் அவள் வாயிலிருந்து வராது.

கடைசியில் மைத்துனன் ஒப்புக்கொண்டான். எங்கள் உறவுமுறையில் மருமகளுக்கு அவன் சித்தப்பா ஆக வேண்டும். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வேலை தொடங்க வேண்டிய நாள் காலையில் லாரியில் பேனல்கள் வந்து இறங்கின. மருமகளோடு அவள் குழுவினர் மூன்று பேர். அவர்களில் ஒருவன் வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவான் என்பதால் எல்லோருக்கும் அவன் நெட்டை. இடுப்புப் பட்டை, தோள் பட்டை, கயிறு, கொக்கி எல்லாவற்றையும் தரையில் ஒரு தார்ப்பாயில் பரப்பி, ஒவ்வொன்றின் தையலையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள் மருமகள். மேசையிலிருந்த பெண்கள் கையில் பசையோடு எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் பட்டறையின் கூரை இரும்புத் தகடு. உள்ளே வெளிச்சம் வரட்டும் என்று முன்னாளில் நடுநடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகளும் போட்டிருந்தார்கள். போன கோடையில் வெப்பம் தாங்காமல் மைத்துனன் கூரை முழுவதற்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். பெயிண்ட் அடித்தவர்கள் ஓரத்திலிருந்து நீளக் கழியில் உருளையைக் கட்டி, இரும்பு எது பிளாஸ்டிக் எது என்று பார்க்காமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே வெப்பம் குறைந்தது உண்மை. மைத்துனன் பெருமையாகக் கூரை நடுவே ஏறி, கைகட்டி நின்று படம் எடுத்து, உறவுக்காரர் எல்லோருக்கும் அனுப்பினான்.

மருமகள் சுவரோரம் ஏணி வைத்து, தலையை மட்டும் கூரைக்கு மேலே நீட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இறங்கிவந்து கேட்டாள்:

"சித்தப்பா, மேல பிளாஸ்டிக் ஷீட் எங்கெங்க இருக்கு?"

"அதுக்கென்ன, நான் வரைஞ்சு தர்றேன்." ஓர் அட்டையை எடுத்துக் கட்டம் போட்டு, நான்கு இடங்களில் பெருக்கல் குறி வைத்துக் கொடுத்தான். "இந்த நாலு. இதுல மிதிக்காதீங்க. மத்ததெல்லாம் இரும்பு, யானை நடந்தாலும் ஒண்ணும் ஆகாது."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "நன்றி சித்தப்பா. ஆனா இதை நம்பி நான் யாரையும் ஏத்த முடியாது."

"ஏன், என் கூரை எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியல. பெயிண்டுக்கு அடியில எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. வெயில்ல காய்ஞ்ச பிளாஸ்டிக் ஒரு ஆள் எடை தாங்காது. விழுந்தா நேரா உங்க வெட்டு மிஷின் மேலதான்."

மைத்துனனுக்கு முகம் சுருங்கியது. "சரி, என்ன பண்ணணுங்கற?"

"இப்ப உச்சி வெயில் நேரம். எல்லா மிஷினையும் நிறுத்தணும். லைட் எல்லாத்தையும் அணைச்சு, ஜன்னல், கதவு, ஷட்டர் எல்லாம் மூடணும். உள்ள கும்மிருட்டா ஆகணும். அப்ப எங்க வெளிச்சம் கசியுதோ அதுதான் பிளாஸ்டிக்."

அன்று மாலை ஒரு பெரிய சரக்கு போக வேண்டியிருந்தது. அந்த வாடிக்கைக்காரர் ஒருமுறை தாமதம் ஆனால் மறுமுறை வரமாட்டார். சாப்பாட்டுக்குக்கூட ஆட்களைப் பாதிப் பாதியாக அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தச் சரக்கை ஏற்றி அனுப்ப வேண்டியவன் நான்.

"இன்னைக்கு மிஷின் நிக்காது" என்றான் மைத்துனன்.

"அப்ப இன்னைக்கு நாங்களும் ஏறமாட்டோம்."

"இதே ஊர்ல இன்னொருத்தன் இருக்கான். ஒரு போன் போட்டா போதும், அவன் ஆளுங்க செருப்போடவே ஏறி நாளைக்குள்ள முடிச்சுட்டுப் போவாங்க."

"கூப்பிட்டுக்கோங்க சித்தப்பா. அவங்க ஆளுங்ககிட்டயும் இதையே சொல்லிட்டுத்தான் நான் போவேன்."

குரலை உயர்த்தவில்லை அவள். அவள் பொறுப்பில் நடக்கும் முதல் வேலை. அது கைவிட்டுப் போனால் சொந்தக்காரரே விரட்டிவிட்டார் என்று கம்பெனியில் பேசுவார்கள், குழுவை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இதென்ன பெரிய வித்தை! நானே ஏறி நடந்து காட்டறேன்" என்று மைத்துனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியை நோக்கி நடந்தான். மருமகள் ஏணிக்கு முன்னால் போய் நின்றாள். நெட்டை அவள் பின்னால் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"தள்ளு பொண்ணே."

"தள்ளமாட்டேன் சித்தப்பா."

அப்போது என் மனைவி ஒட்டு மேசையிலிருந்து எழுந்தாள். கைப் பசையைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். அவள் யார் பக்கம் பேசப்போகிறாள் என்று எனக்கே தெரியவில்லை. நேராகச் சுவரோரம் போனாள். மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்தாள்.

வெட்டு இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"அக்கா!"

"என்ன அக்கா? இந்தக் கூரை மேல ஏறப்போறது என் மருமக. எது இரும்பு, எது பிளாஸ்டிக்குன்னு தெரியாம நான் அவளை அனுப்ப மாட்டேன். சரக்கு லேட்டானா உங்க அத்தான் போய் வாடிக்கைக்காரர் காலைப் பிடிப்பார்." என் பக்கம் திரும்பினாள். "பிடிப்பீங்கல்ல?"

"பிடிக்கறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மேசைப் பெண்கள் சிரித்தபடி எழுந்து ஜன்னல்களை மூடினார்கள். இடுக்குகளில் அட்டையைச் செருகினார்கள். அட்டைக்கு எங்களிடம் பஞ்சமா! ஷட்டர் இறங்கியது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டு. யாரோ, "என் காலை மிதிக்கறது யாருடி?" என்றாள். "நான்தான், நெட்டை" என்று உயரத்திலிருந்து ஒரு குரல் வந்ததும் இருட்டே குலுங்கிச் சிரித்தது.

"எல்லாரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு, அப்புறம் திறந்து மேல பாருங்க" என்றாள் மருமகள்.

பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல, தண்ணீரில் கரைத்த பால் போல, நீள்சதுரமாக ஒரு வெளிச்சம் மேலே ஊறியது. அதற்கு அப்பால் இன்னொன்று. தினமும் நாங்கள் அதன் கீழேதான் நின்றிருந்தோம். குழல் விளக்கு வெளிச்சத்திலும், அடியில் படிந்திருந்த காகிதத் தூசியிலும் யார் கண்ணிலும் பட்டதில்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மைத்துனன் எண்ணினான். "நாலாவது எங்க? வாசல் பக்கம் இருக்கணுமே."

"வாசல் பக்கம் ஒண்ணும் இல்ல சித்தப்பா. எப்பவோ இரும்பு மாத்திட்டாங்க போல."

"பார்த்தியா? நான் சொன்னதைவிடக் குறைச்சல்தான்! இதுக்குப் போய்..."

"சித்தப்பா, நடுவுல பாருங்க. வெட்டு மிஷினுக்கு நேர் மேல."

அங்கே ஒன்று இருந்தது. மற்றவற்றைப் போல நீளமாக இல்லாமல், ஓரம் ஒழுங்கில்லாத ஒரு சதுரம்; மற்றதைவிட மங்கல். மைத்துனனின் குரல் வேறு மாதிரி வந்தது.

"அங்க புகைபோக்கி இருந்துச்சு. இந்த இடத்தை நாம வாங்கறப்ப. மழை ஒழுகுதுன்னு அதைக் கழட்டிட்டு, மிச்சம் கிடந்த பிளாஸ்டிக்கை வெட்டி அடைக்கச் சொன்னேன்." நிறுத்தினான். "நான்தான் சொன்னேன்."

பிறகு இருட்டிலேயே கேட்டான்: "அத்தான், நான் படம் எடுத்தப்ப எங்க நின்னேன்?"

எனக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது. "நடுவுலதான்" என்றேன்.

மருமகள் நெட்டையிடம் ஒரு மூங்கில் கழியைக் கேட்டாள். எல்லோரையும் சுவரோடு ஒதுங்கச் சொல்லிவிட்டு, கீழிருந்து அந்தச் சதுரத்தை மெல்லத்தான் குத்தினாள். காய்ந்த சருகு நொறுங்குவதுபோல ஒரு சத்தம். மேலேயிருந்து சில்லு சில்லாக உதிர்ந்து வெட்டு இயந்திரத்தின் மேல் விழுந்தது. பின்னாலேயே உச்சி வெயில் ஒரு தூணாக இறங்கி நின்றது. அந்த வெளிச்சத்தில் என் மனைவியைப் பார்த்தேன். கையை வாயில் வைத்துக்கொண்டு மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மைத்துனன் எந்த வாதமும் செய்யவில்லை. இயந்திரம் மறுபடி ஓடுமுன், ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் நேர் கீழே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சுவரிலிருந்து அளந்து குறித்துக்கொண்டாள் மருமகள். வெட்டு இயந்திரத்தை மட்டும் அன்று ஓட விடவில்லை, மற்றவை ஓடின. சரக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனது. வாடிக்கைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். காலைப் பிடிக்கும் அளவுக்குப் போகவில்லை.

அடுத்த நாள் வேலை தொடங்கியது. கூரைக்கு அடியில் முதலில் வலை கட்டினார்கள். உடைந்த இடத்தில் இரும்புத் தகடு, மற்ற மூன்றின் மேலும் கம்பி வலை, சுற்றிச் சிவப்புப் பெயிண்ட். உத்தரத்தில் கொக்கி மாட்டி, ஒவ்வொருவர் கயிறும் அதில் பூட்டிய பிறகே மேலே நடந்தார்கள். அதுவும் பலகை போட்ட பாதையில் மட்டும். நெட்டை ஒருமுறை பேனல் தாங்கும் சட்டத்தில் கயிற்றை மாட்டப் போனான். "அது பேனலைத் தாங்கறதுக்கு, உன்னைத் தாங்கறதுக்கு இல்ல. கழட்டு" என்று கூரையின் மறுமுனையிலிருந்து அவள் போட்ட அதட்டலில் ஒட்டு மேசையே நிமிர்ந்தது. நெட்டை கழற்றினான். "இவ்வளவு குரல் இவகிட்ட எங்க இருந்துச்சு? வீட்டுல உப்பு வேணும்னாக்கூட காதுக்குள்ளதான் கேட்பா" என்றாள் என் மனைவி. பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

இணைப்புக் கொடுக்கிற நாளில், மாட்டிய பேனல்களைக் கெட்டியான கறுப்புத் துணியால் மூடினாள். மைத்துனனுக்கு ஆவல் தாங்கவில்லை. "மெயினை அணைச்சாச்சே, இன்னும் எதுக்கு இந்தப் போர்வை?"

"சூரியனுக்கு மெயின் சுவிட்ச் இல்லையே சித்தப்பா. வெயில் பட்டாலே பேனல்ல கரண்ட் வரும். மூடிட்டு மாட்டினாத்தான் கைக்கு நல்லது."

"அப்ப நல்லா இழுத்து மூடு" என்றான் அவன். "காத்துல பறக்காம ஓரத்தைக் கட்டு."

வேலை முடிந்த நாளன்று பக்கத்துப் பட்டறைக்காரர் வந்தார். அவருடையதும் தகடு போட்ட கூரைதான். எவ்வளவு கரண்ட் வருகிறது என்று இன்வெர்ட்டர் பெட்டியில் ஓடும் எண்களைக் கண் கொட்டாமல் பார்த்தவர், "யாருய்யா போட்டது? அந்த ஆள் நம்பரைக் குடு" என்றார்.

"ஆளா? என் மக!" என்றான் மைத்துனன். "முறையில மகதான் வேணும், அத்தான்கிட்ட கேட்டுக்கோ. நம்பர் தர்றேன். ஆனா ஒண்ணு, அவ வந்தா உன் பட்டறையை நிறுத்தி உன்னை இருட்டுல நிக்க வைப்பா. உன் கூரையைப் பத்தி உனக்கே தெரியாததைச் சொல்லுவா. கோவிச்சுக்கக் கூடாது."

"என் கூரை எனக்குத் தெரியாதா?"

மைத்துனன் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எழுத்தில் எழுத எனக்கு வராது.

என் மனைவி மேசையிலிருந்து எழுந்து வந்தாள். "மேல போய்ப் பார்க்கணும்னா இப்ப முடியாது. அவ இன்னும் இறங்கல. அவ சொன்னாத்தான் ஏணி" என்று அவரிடம் அறிவித்தாள். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள்: "கூரை மேலதான் அவளுக்கு வேலை. கூரை வேலைக்கு அவதான் தலைவி."

நாங்கள் நால்வரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைக் கூரையின் மேல் பேனல்கள் வரிசையாகச் சாய்ந்து, வானத்தின் நீலத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரத்தில் தலைக்கவசமும் கயிறுமாக மருமகள் தெரிந்தாள்.

"கீழ நிக்கறவங்க தள்ளி நில்லுங்க!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மைத்துனன், பக்கத்துப் பட்டறைக்காரர், என் மனைவி, நான், நால்வரும் ஒரே சமயத்தில் பின்வாங்கினோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.