முதல் ஆல்பத்துக்குப் பிறகு எல்லாம் குப்பை

1

இந்தக் கதை எனக்குக் கண்ணாடிக் கடையில் கிடைத்தது. கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்க வேண்டிய கடைக்காரர், "ஹெவி மெட்டல் கேப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு என் பார்வையைப் பற்றி அவர் துளியும் கவலைப்படவில்லை. மீதிக் கதையை, பில் போட்டுக்கொண்டிருந்த அவருடைய மச்சான் சொன்னார். [கண்ணாடி சரியாக அமையவில்லை. கதை எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கிட்டாரின் ஓலத்தில் அந்தத் தெருவே உறைந்து'

வேண்டாம். தெரு உறையவில்லை. பக்கத்துத் தையல்காரர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மூன்று பேர் உட்கார்வார்கள்: கடைக்காரர், மச்சான், ஒரு வக்கீல். ராக், மெட்டல் குழுக்களின் முதல் ஆல்பங்களில் எது சிறந்தது என்று வரிசைப்படுத்துவதுதான் வேலை. கடைக்காரரின் கட்சி உறுதியானது. எந்தக் குழுவுக்கும் முதல் ஆல்பம்தான் ஆல்பம். அப்புறம் வருவதெல்லாம் குப்பை.

"முதல் ஆல்பத்துல பசி இருக்கும். ரெண்டாவதுல தொப்பை இருக்கும்" என்பார்.

"பழைய பாடகர் போனப்புறம்தானே அந்தக் குழுவே உருப்பட்டுச்சு?" என்று வக்கீல் ஆரம்பித்தால் போதும், மச்சான் காதைப் பொத்திக்கொள்வார். [குழுக்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். ரசிகர்கள் என் வீட்டு முகவரியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.]

3

ஒரு ஞாயிறு மச்சான் பெயரில்லாத பதிவு ஒன்றைக் கொண்டுவந்தார். "புதுக் குழு. முதல் ஆல்பம். யாருன்னு கேக்காதீங்க."

கடைக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். டிரம்ஸ், குளியலறையில் வாளி உருள்வது போல இருந்தது. அதன்மேல் ஒரு குரல் அடிவயிற்றிலிருந்து உறுமியது. ஒரு சொல்லும் புரியவில்லை. பாட்டு முடிந்தபோது அவர் கண்ணில் ஈரம்.

"இந்த ஆளு சாதாரண ஆளு இல்லடா. வருஷக்கணக்கா இருட்டறையில அடைபட்டுக் கிடந்தவன். ரெண்டாவது பாட்டு போரைப் பத்தினது. 'குண்டு எங்கே, குண்டு எங்கே'ன்னு கதறுறான் பாரு!"

மச்சானுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அன்றே வரிசையில் முதலிடம் மாறியது. இளமையிலிருந்து அங்கே இருந்த ஆல்பத்தை இறக்கிவிட்டார். அது வக்கீலுக்கும் பிடித்த ஆல்பம். "இது நியாயமே இல்ல" என்று வக்கீல் எழுந்து போனார். கடைக்காரர் அசரவில்லை; ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் நீளமாக எழுதிப் போட்டார். 'ஆண் தனிமையின் உச்சக்குரல்' என்பது தலைப்பு.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாடியது கடைக்காரரின் மனைவி என்றால் நீங்கள் நம்புவீர்களா?

ஐம்பதைத் தாண்டியவர். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். 'அடிவயித்துலேருந்து மூச்சு விடுங்க' என்று நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்கிறவர். கீழ்த்தளத்தில், சலவைக்குப் போகும் படுக்கை விரிப்புகள் குவிந்த அறையில்தான் பயிற்சி. டிரம்ஸ் வாசித்தது மயக்க மருந்து டாக்டர். ஆட்களைத் தூங்கவைத்துச் சலித்துப்போனவர். பாடும் மனைவியை ஓர் இளைஞராக மாற்றினால் கதை நம்பும்படி இருக்கும் என்று நினைத்தேன். மாற்றியும் பார்த்தேன். இளைஞர் உறுமினார், எனக்குக் கொட்டாவி வந்தது. மனைவியையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

5

வீட்டில் கடைக்காரர் அந்தப் பாட்டை அலறவிட்டு, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு விளக்கினார்.

"இந்த இடத்தைக் கவனி. 'குண்டு எங்கே'..."

"குண்டு இல்லங்க. துண்டு."

"என்னது?"

"'என் துண்டு எங்க, என் சார்ஜர் எங்க, இந்த வீட்டுல வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்காதா.' நீங்க தினம் சொல்றதுதான். மெட்டு மட்டும் நாங்க போட்டோம்."

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. பாட்டின் அடுத்த வரியை, கையில் தலையணை உறையோடு, அதே குரலில் உறுமிக் காட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பாட்டை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். வர்றப்பல்லாம் நீங்க எனக்கு டிரம்ஸ்னா என்னன்னு பாடம் எடுத்தீங்க."

அவருக்கு வலித்தது துண்டு அல்ல. அந்த உறுமலைக் கேட்டு அவர் அழுதது நிஜம். இத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இருந்தும் அது காதில் விழவில்லை என்பதும் நிஜம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"டிரம்ஸ் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி."

"டாக்டர்கிட்ட சொல்றேன்" என்று மனைவி துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

6

முடிவு ஒன்று: வரிசையில் அந்த ஆல்பத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறார். [ஆண் வாசகர்கள் ரகசியமாக விரும்பக்கூடியது.]

முடிவு இரண்டு: மனைவியின் கையைப் பிடித்து, தழுதழுத்த குரலில்... [எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.]

முடிவு மூன்று: அவருக்கு நெஞ்சுவலி வரவழைக்க [சீ.]

நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவமனை ஊழியர் கூடத்தில் குழுவின் முதல் கச்சேரி. கடைக்காரர் வந்தார், யாரும் அழைக்காமலே. அன்றைக்குப் பார்த்து ஒலிபெருக்கி துல்லியமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கூடம் குலுங்கிச் சிரித்தது. பின்னாலிருந்த நர்ஸ்கள் அவரைக் கைகாட்டினார்கள். 'ஆண் தனிமையின் உச்சக்குரல்' என்று யாரோ சத்தமாக வாசித்தார்கள். வக்கீலின் குரல் போலத்தான் இருந்தது.

கடைக்காரர் எழுந்து நின்றார். மேடையில் மனைவி அவரைப் பார்த்துவிட்டார். டாக்டரின் கைகள் காற்றில் நின்றன. மைக்கிலிருந்து வாயை எடுத்து மனைவி கேட்டார்:

"எங்க போறீங்க?"

இடப்பக்கம் வாசல். வலப்பக்கம் மேடை. அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று மச்சான் எனக்குச் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. நீங்களே திருப்பிவிடுங்கள். கல்யாணமானவர் என்றால் மட்டும் கொஞ்சம் யோசித்துத் திருப்புங்கள். உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.