வாசலில் நிற்கும் மாமியார்

என் புருஷன் ஷொமாரி அந்த மீனுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தான். கடலடியில் பாறை வீடு என்று அவன் சொல்லும் குகையின் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவன் போகிறவனை எல்லாம் முறைக்குமாம். ஆள் உயரக் களவா மீன். "சாட்சாத் உங்கம்மா மூஞ்சிதான் சுபிரா, அந்தத் தொங்குன உதடு ஒண்ணு போதும்" என்பான். நான் சப்பாத்திக் கட்டையை எடுப்பேன், அவன் ஓடுவான். உத்தெண்டே என்கிற தீவுக் கிராமத்தில் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போவது அவன் வேலை. ஒரு நாள் ஜலதோஷத்தோடு இறங்கினான். இறங்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். காதுக்குள் ஏதோ கிழிந்தது. இனி ஜென்மத்துக்கும் இறங்கக் கூடாது என்று தாருஸ்ஸலாம் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் கடற்கரைப் பக்கமே போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தான். கடைசியில், கடல் சத்தம் கேட்காத ஊர் வேண்டும் என்று தொடொமாவுக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். நாலு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் வரும். எப்போது வருவாய் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். கூட வா என்றும் ஒரு நாள் சொன்னதில்லை. பாதிப் படுக்கையில் படுத்துப் படுத்து எனக்கு வெறுத்துவிட்டது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னான்: "உங்கம்மா இன்னும் வாசல்லயே நிக்கிறாளான்னு பாத்துச் சொல்லு. இருந்தா வரேன்."

"சத்தியமா வருவியா?"

"வரேன்டி. ஆனா கொம்போகிட்ட கேட்டுச் சொல்லாத. அவன் திமிங்கலமே இருக்குன்னு சொல்லுவான். நீ கண்ணால பாக்கணும்."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனாலும் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் கடைகள் எங்கள் கரையில் இரண்டு. ஒன்று கொம்போவுடையது, என் புருஷன் வேலை பார்த்த இடம். நேரே அங்கேதான் போனேன்.

"அண்ணி! நீங்க இறங்கப் போறீங்களா? மீனெல்லாம் பயந்து ஓடிருமே!" என்று சிரித்தான் கொம்போ.

"வாயை மூடு. கூட்டிட்டுப் போவியா, மாட்டியா?"

"இப்பவே வாங்க. ஷொமாரி பொண்டாட்டிக்கு என்ன பெரிய பாடம் வேண்டிக்கிடக்கு? நான் கையைப் பிடிச்சுக்கிறேன், அரை மணியில மாமியாரைப் பாத்துட்டு வந்துடலாம்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அரை மணியில் பார்த்துவிட்டால் இந்த வெள்ளிக்கிழமையே சொல்லிவிடலாம். சிலிண்டரை என் முன்னால் நிறுத்தினான். நான் திருகைக் கொஞ்சம் திறந்து மூக்கை வைத்தேன். முக்குளிப்பவன் பொண்டாட்டிக்கு அது கூடவா தெரியாது? காற்றில் லாரிப் புகை நாற்றம் அடித்தது.

கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தென்காற்று அடிக்கும் மாதங்களில், சிலிண்டரில் காற்று அடைக்கும் கம்ப்ரஸருக்குக் காற்று இழுக்கும் குழாயைத் தெற்கு மூலையில் கட்டுவார்கள், டீசல் புகை வடக்கே போய்விடும். வடக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பியதும் குழாயை அவிழ்த்து வடக்கே கட்ட வேண்டும். வாடை திரும்பி நான்கு நாள் ஆகிறது. கொம்போவின் குழாய் இன்னும் தெற்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தன் புகையைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தது அந்த இயந்திரம்.

"அடப்பாவி! இந்தக் காத்தையா எனக்குக் குடுக்கப் பாத்த?"

"ஐயய்யோ, மறந்தே போச்சு அண்ணி... கொஞ்ச நேரம்தானே, ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வீடு இப்படிக் கிடக்கிறது. இருந்தும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அந்த சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுதான் இருந்தது. அவ்வளவு ஏக்கம். பிறகு கொம்போவின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு வெளியே வந்தேன்.

இன்னொரு கடை, கரையின் அந்தக் கோடியில் இருக்கும் சிக்குதானியுடையது. தங்கா பட்டணத்திலிருந்து வந்தவள், முப்பது வயது இருக்கும், சிரிக்கவே மாட்டாள். அவளுடைய ஆட்கள் எல்லாரும் நான் சமைத்து விற்கும் சப்பாத்தியும் பேய்க்கணவாய்க் குழம்பும் சாப்பிடுகிறவர்கள். சாப்பாட்டுக்குப் பாடம் என்று பேசி முடித்தோம்.

"முதல்ல மோந்து பாருங்கக்கா" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. ஒரு வாசனையும் இல்லை. பிறகு முக்குளிக்கும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சச் சொன்னாள். கையை எடுத்தாலும் விழாமல் நின்ற ஒன்றைத் தனியே வைத்தாள். "எப்ப இறங்கலாம்?" என்றேன். "உங்க காது சொல்லும்போது" என்றாள். எனக்குச் சுரீரென்றது.

இடுப்பளவுத் தண்ணீரிலேயே என்னைப் போட்டு வாட்டினாள். வாயிலிருந்து குழாயை எடு, திரும்ப வை. கண்ணாடிக்குள் தண்ணீரை விடு, மூக்கால் ஊதி வெளியேற்று. உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து எனக்கு வயிறே ஊறுகாய் ஆகிவிட்டது. "என்னக்கா, சப்பாத்தி மாவு பிசையிற வேகத்துல மூச்சு விடுறீங்க, மெதுவா" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று. இன்னொன்றும் போயிற்று. ஷொமாரியிடம் வாயே திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் கூட்டிப்போனாள். கயிற்றைப் பிடித்து இறங்கினோம். காது இறுகும்போதெல்லாம் மூக்கைப் பிடித்து ஊதினேன். நான் தயங்கினால் அவளும் நின்றாள். அவசரப்படுத்தவே இல்லை.

அல்லாவே, அதை எப்படிச் சொல்வேன்? நாற்பது வருஷமாக அந்தத் தண்ணீரின் மேல்தோலைத்தான் பார்த்திருக்கிறேன். பின்னலைப் போல மீன்கள் பிரிந்து, சேர்ந்து, என் கைக்குள்ளே புகுந்து போயின. உடம்பில் கனமே இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. கண்ணாடிக்குள்ளேயே அழுதேன்.

பாறை வீடு அவன் சொன்னது போலவே இருந்தது. வாசலும் இருந்தது. மாமியார் இல்லை. உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள் சிக்குதானி, சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வெறும் மணல். காற்று குறைந்து, மேலே போகலாம் என்று சிக்குதானி கைகாட்டும் வரை நான் அந்த வாசலிலேயே நின்றேன். மீனுக்காக நின்றேனா என்று கேட்டால் தெரியாது. மேலே வர மனசே இல்லை.

மறுநாள் போன் வந்தது.

"நான் கீழ போய்ப் பாத்துட்டு வந்தேன்யா."

"நீயா? காது வலிச்சுதா?" என்றான்.

"இல்ல."

"இருக்காளா?"

இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. ஆனால் அந்த இடத்தைப் பற்றி எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல. வாசல் காலி. நாந்தான் அங்க நின்னுட்டு வந்தேன். மீனுக்கு வருவ, எனக்கு வரமாட்டியா?"

லாரிகளின் ஹாரன் சத்தம் கேட்டது. அவன் அழுகிறான் என்று தெரிந்தது.

"அங்க வந்தா தினமும் கடலைப் பாக்கணும் சுபிரா. பாத்துட்டு இறங்காம இருக்கணும். என்னால ஆகாது. நீ இங்க வந்துடு. நாளைக்கே கிளம்பு. நல்ல வீடா பாக்கறேன்."

நாலு வருஷம் இந்த வார்த்தைக்குத்தான் காத்துக் கிடந்தேன். போன வாரம் சொல்லியிருந்தால் சாயங்காலமே சப்பாத்திக் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு படகு ஏறியிருப்பேன். இப்போதோ கண் கடலைப் பார்த்தது. நாளைக்கு எப்போது நீர் ஏறும் என்று மனசு கணக்குப் போட்டது. கடற்கரையில் இருந்துகொண்டே அவன் ஏன் ஜன்னலைச் சாத்தினான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சுபிரா? ஏன் பேசமாட்டேங்கிற?"

நான் போனோடு எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"நல்லா பாத்துட்ட, இல்ல?" என்றான், ரொம்ப மெதுவாக.

"ஆமாய்யா" என்றேன். "பாத்துட்டேன்."